தக்காளி என்று ஒரு வார்த்தை

பிப்ரவரி 6

அண்ணாவுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் நீ படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தாய் என்று அண்ணி போனில் சொன்னார். கிழித்துப் போடவில்லையே, அதுவரைக்கும் சந்தோஷம்.

போனில் அண்ணியோடு மட்டும்தான் பேச முடிகிறது. நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரியும். நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்கும். அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை நான் மழுப்பப் போவதில்லை. தொண்டையில் புற்றுநோய், குரல்வளையை எடுத்தால்தான் பிழைப்பாய் என்று டாக்டர் சொன்னபோது நீ வேண்டாம் என்றாய். காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டே வாழ்ந்தவன் நீ. நீ விலை சொன்னால் வாசல் கேட் வரைக்கும் கேட்கும். அதனால்தான் உனக்கு ‘இடி’ என்று பேர். அந்தத் தொண்டையைக் கொடுத்துவிட்டு உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டாய். எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அக்டோபரில் அந்த நாள் மூச்சு அடைத்து நினைவில்லாமல் கிடந்தாய். இப்போதே செய்தாக வேண்டும், யார் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்றார்கள். அண்ணியால் போட முடியவில்லை. பேனாவை நான் வாங்கினேன்.

கண் விழித்ததும் சிலேட்டில் எழுதிக் காட்டினாய்: ‘நீ என் தங்கச்சி இல்ல.’ நான் ஊர் திரும்பும் நாள் வரைக்கும் அதை நீ துடைக்கவில்லை.

திட்டியாவது எழுது. திட்டு வாங்குவது எனக்குப் பழக்கம்தான்.

தங்கை


பிப்ரவரி 20

வாயாடிக்கு,

திட்டச் சொன்ன, திட்டுறேன். வேண்டாம்னு நான் வாய் திறந்து சொன்னேன். அதுதான் நான் தெளிவா பேசின கடைசிப் பேச்சு. அதை நீ கேக்கல.

நான் எப்படி இருக்கேன்னு முதல் ரெண்டு கடுதாசியிலயும் கேட்டிருந்த. கழுத்துல ஒரு ஓட்டை. மூச்சு அது வழியாதான். முன்னாடி ஒரு துணி கட்டியிருக்கேன், குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கட்டுவாங்களே அது மாதிரி. குளிக்கும்போது தண்ணி உள்ள போயிடக் கூடாதுன்னு உங்க அண்ணி கதவுக்கு வெளிய நின்னு காவல் காக்குறா. இருமினா கழுத்துலேருந்து வருது. வாசனை தெரியல. அடுப்புல பால் தீஞ்சா கூட வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியாது.

போன மாசம் சந்தைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. என் மேடையில புதுசா ஒருத்தன் நிக்கிறான். குரலும் இல்ல, வேகமும் இல்ல. ஆனா மூட்டையெல்லாம் வித்துடுச்சு. அதுதான் எனக்குத் தாங்கல. நான் இல்லாமலே எல்லாம் வித்துடுது. வெங்காயக்காரர் வந்து என் காதுகிட்ட கத்திப் பேசுறார். எனக்குப் போனது காதா?

ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சின்னு ஒண்ணு இருக்கு. காத்தை விழுங்கி, சாப்பாட்டுக் குழாயில நிறுத்தி, ஏப்பம் மாதிரி வெளிய விட்டு, அந்தச் சத்தத்துலயே பேசணுமாம். சொல்லிக்குடுக்கிற டீச்சரம்மா எனக்கு ‘பாப்பா, தாத்தா’ன்னு ஆரம்பிச்சாங்க. இந்த வயசுல. நாலு தடவை போனேன், வயித்துல காத்து ஏறினதுதான் மிச்சம். நிறுத்திட்டேன். வராது. எது எடுத்தாலும் எப்படி முடியும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுடுது இப்பல்லாம். கெட்டதாதான் முடியும்.

நீ நல்லா இருக்கணும்.

அண்ணன்


மார்ச் 3

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை நான் வேலை செய்கிற ஓட்டலின் சலவைக் கூடத்தில், இஸ்திரி மேசை மேல் வைத்துப் படித்தேன். ஆவியில் காகிதம் நமுத்துவிட்டது. பாதி நான் அழுததால் என்று வைத்துக்கொள்.

நீ சொல்வது சரி. நீ வேண்டாம் என்றது என் காதில் விழுந்தது. அதை மீறித்தான் போட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் உட்காருகிறேன். கேட்க வரவில்லை. நாளைக்கு அதே காகிதத்தை நீட்டினாலும் போடுவேன், அண்ணா. எனக்கு நீ ஏலக்காரன் மட்டும் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். அன்றிலிருந்து எனக்கும் எதையும் முடிவு செய்யத் தைரியம் இல்லை. இங்கே மேற்பார்வையாளர் வேலை கொடுக்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். நாற்பது பேருக்கு நான் எதையாவது தீர்மானித்து, அதுவும் தப்பாகப் போனால்? போர்வை மடிப்பதே நல்லது. போர்வை யாரையும் கேள்வி கேட்காது.

தங்கை


மார்ச் 15

வாயாடிக்கு,

மேற்பார்வையாளர் வேலையை விட்டது முட்டாள்தனம். அதை என் தலையில கட்டாதே.

இங்க ஒரு கூத்து. அந்த டீச்சரம்மா வீட்டுக்கே வந்துட்டாங்க. உங்க அண்ணி டீ போட்டுக் குடுத்து உட்கார வெச்சுட்டா. நானும் தப்பிக்க முடியல. விஷயம் என்னன்னா, ஆஸ்பத்திரியில ஒரு லாரி மெக்கானிக் படுத்திருக்காராம். எனக்கு வந்த அதே நோய். ஆபரேஷன் வேண்டாம்னு பிடிவாதமா இருக்காராம். மாசக் கடைசியைத் தாண்டினா அப்புறம் செஞ்சும் பிரயோஜனம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம். “நீங்க ஒரு தடவை வந்து பாருங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறார். அனுபவிச்சவங்க சொன்னா கேப்பார்”னு கெஞ்சறாங்க.

சிலேட்டுல எழுதிக் காட்டினேன்: ‘நான் வந்தா வேண்டாம்னுதான் சொல்லுவேன்.’

டீச்சரம்மா டீயைப் பாதியிலயே வெச்சுட்டுப் போயிட்டாங்க. உங்க அண்ணி அன்னைக்கு முழுக்க என்கூடப் பேசல. இந்த வீட்டுல இருந்த ஒரே பேச்சும் போச்சு.

அண்ணன்


மார்ச் 22

அண்ணாவுக்கு,

அப்படியென்றால் போய் அதையே சொல்.

உண்மையாகத்தான் எழுதுகிறேன். பிழைத்தது தப்பு என்று நீ மனதார நம்பினால், அதை அந்த மெக்கானிக்கிடம் சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது பாவம். அவர் கட்டிலுக்கு எதிரே நின்று, அவர் கண்ணைப் பார்த்து, ‘செய்யாதீர்கள், செத்துப் போங்கள்’ என்று எழுதிக் காட்டு. எனக்கு எழுதின மாதிரியே எழுது. எனக்கு எழுத முடிந்தது, அவருக்கு எழுத முடியாதா?

எழுதிவிட்டு வந்து எனக்குத் தகவல் சொல். இனிமேல் உன்னோடு வாதாட மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 2

வாயாடிக்கு,

போனேன். உன் மேல இருந்த கோபத்துலதான் போனேன். அதை முதல்ல சொல்லிக்கிறேன்.

வீட்டுலயே சிலேட்டுல எழுதி, துணிப்பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். ‘வேண்டாம். செய்யாதீங்க.’ அவ்வளவுதான். ரெண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். மெக்கானிக் நல்ல வாட்டசாட்டம். நகத்துல இன்னும் கிரீஸ் போகல. குரல் என்னுது கடைசியா இருந்த மாதிரி, காத்துல காகிதம் உரசற மாதிரி இருக்கு. பக்கத்துல அவர் சம்சாரம் ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்குக் கண் தெரியாது. பிறவியிலயே. இதை டீச்சரம்மா எனக்குச் சொல்லல. நான்தான் சொல்ல விடலையே.

சிலேட்டை எடுத்து அவர் முன்னாடி பிடிச்சேன். படிச்சார். என்னைப் பார்த்தார். கழுத்துத் துணியைப் பார்த்தார்.

“என்ன எழுதியிருக்கார்?”னு அந்தம்மா கேட்டாங்க.

மெக்கானிக் அவங்க பக்கம் திரும்பினார். அப்புறம், “நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கார்”னு சொன்னார்.

சாகப் போற மனுஷன் என் பேர்ல பொய் சொல்றார். பொண்டாட்டி பயந்துடக் கூடாதுன்னு. நான் சிலேட்டைப் பிடிச்சுக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறேன்.

அந்தம்மா என் பக்கம் திரும்பி, “நல்லா இருந்தா அதை உங்க வாயால சொல்லுங்க”ன்னாங்க.

எனக்கு என்ன தெரியும் சொல்ல? ‘பாப்பா’ கூட வராது. சிலேட்டைத் துடைச்சு வேற என்னமோ எழுத ஆரம்பிச்சேன். “என்னமோ கீறுற சத்தம் கேக்குது. அவர் என்னங்க பண்றார்?”னு கேக்கறாங்க. அவங்க முன்னாடி அந்தச் சிலேட்டு வெறும் கல்லு. எழுதறதை நிறுத்திட்டேன்.

அப்புறம் அவங்களே சொன்னாங்க. அவங்க ஒரு பேங்க்ல டெலிபோன் போர்டுல வேலை பார்க்கிறவங்க. வர்ற போனை எடுத்து உள்ள இணைப்பு குடுக்கிற வேலை. “எனக்கு மனுஷங்கன்னா குரல்தான் சார். அவர் சிரிக்கிறாரா, கோவமா இருக்காரா, பொய் சொல்றாரா, எல்லாம் குரல்லதான். இப்ப கூட அவர் சொன்னது பொய்னு எனக்குத் தெரியும். கழுத்துல வெச்சுப் பேசற மெஷின் ஒண்ணு காட்டினாங்க. வண்டு கத்தற மாதிரி எல்லாம் ஒரே சத்தம். அதுல எது சிரிப்பு, எது கோவம்? ஆபரேஷன் முடிஞ்சு வந்தா, ஒரே வீட்டுல ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் இல்லாத மாதிரி ஆயிடும். அதுக்காகத்தான் இவர் வேண்டாங்கறார். எனக்காக.” கொஞ்சம் நிறுத்திட்டு, “காத்துலேருந்து குரல் வருமாமே. ஒரு வார்த்தை பேசிக் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. கேட்டா நானே இவரைக் கையெழுத்துப் போட வைக்கிறேன்”னாங்க.

நான் தலையை ஆட்டினேன். அதுவும் அவங்களுக்குத் தெரியாது.

அங்கேருந்து நேரா கீழ் மாடிக்குப் போனேன். டீச்சரம்மா அறைக் கதவைத் தட்டினேன். அவங்க கதவைத் திறந்தாங்க. நாற்காலியைக் காட்டினாங்க.

எனக்கு நம்பிக்கை வந்துடுச்சுன்னு நினைச்சுக்காதே. வராதுன்னுதான் இப்பவும் தோணுது. மாசக் கடைசி தாண்டிடுச்சு; டீச்சரம்மா கெஞ்சிக் கேட்டதுல டாக்டர் இன்னும் ஒரு வாரம், அதிகம் போனா பத்து நாள் பொறுப்பாராம். நாலு மாசத்துல வராதது பத்து நாள்ல எங்கேருந்து வரும்? ஆனா இது எனக்கு வரலைன்னா நஷ்டம் என்னோட நிக்காது. அதை மட்டும் நினைக்க முடியல.

அண்ணன்


ஏப்ரல் 7

அண்ணாவுக்கு,

உன் கடிதம் மதியம் வந்தது. நின்றுகொண்டே படித்தேன்.

அந்த அம்மாள் கேட்டது எனக்குப் புரிகிறது. அக்டோபரில் ஆபரேஷன் அறைக் கதவு மூடியபோது நான் அதையே நினைத்தேன்: இனி போனை எடுத்தால் ‘என்னடி வாயாடி’ என்று கேட்காது. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன், அண்ணா. அதை உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்தேன்.

அறிவுரை எதுவும் இல்லை. காற்றை விழுங்கு. இங்கே பாய்லர் பக்கத்தில் நான் அதைச் செய்து பார்த்தேன். ஒரு ஏப்பம் கூட வரவில்லை, விக்கல்தான் வந்தது. சலவைக் கூடமே சிரித்தது.

வரவில்லை என்றாலும் எழுது. வந்தாலும் எழுது.

தங்கை


ஏப்ரல் 14

வாயாடிக்கு,

வந்துடுச்சு.

வரிசையா சொல்றேன். முதல் ரெண்டு நாள் ஒண்ணுமே இல்ல. காத்து நேரா வயித்துக்குப் போயிடும், அப்புறம் எப்பவோ, நான் கூப்பிடாத நேரத்துல திரும்பி வரும். உங்க அண்ணி சோடா வாங்கிட்டு வந்தா. குடிச்சா ஏப்பம் வந்தது, வார்த்தை வரல. பாத்ரூம்ல நின்னுக்கிட்டு ‘பாப்பா பாப்பா’ன்னு உதட்டை அசைக்கிறேன். கண்ணாடியில பார்த்தா கரையில போட்ட மீன் மாதிரி இருக்கேன். ஒரு நாள் சிலேட்டைத் தூக்கிப் போட்டேன், மூலை உடைஞ்சுடுச்சு. உங்க அண்ணி அதை எடுத்து வெச்சுட்டு, “அவங்க காத்துக்கிட்டிருக்காங்க”ன்னா. அவ்வளவுதான் சொன்னா. திரும்பவும் போய் நின்னேன்.

மூணாவது நாளோ நாலாவது நாளோ, உங்க அண்ணி சமையலறையில காய் எடுத்து வெச்சுட்டு, “தக்காளி எங்க வெச்சீங்க?”ன்னு கேட்டா. பழக்கதோஷம், பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மேல முட்டிச்சு, காத்து உள்ள போச்சு, திரும்பி வந்துச்சு. ‘தக்’. அவ்வளவுதான், ‘தக்’. உங்க அண்ணி கையில இருந்த கத்தியைக் கீழ வெச்சா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். திரும்பச் சொன்னேன். ‘தக்கா.’ டீச்சரம்மாகிட்ட கேட்டா, அந்த ‘த’வும் ‘க’வும் காத்தைத் தானே உள்ள தள்ளுமாம். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிஞ்சது, ஆயுசு முழுக்க நான் அதிகமா சொன்ன வார்த்தை அதுதான். பாப்பாவும் தாத்தாவும் நான் என்னைக்கு வித்தேன்?

சனிக்கிழமை போனேன். சிலேட்டை எடுத்துட்டுப் போகல. மாடிப்படி ஏறும்போது திரும்பிடலாமான்னு ரெண்டு தடவை நின்னேன். முதல் நாள் மேடை ஏறினப்போ கூட இப்படி இல்ல. மெக்கானிக் கட்டில்ல எழுந்து உட்கார்ந்தார். அந்தம்மா என் செருப்புச் சத்தத்தை வெச்சே, “சிலேட்டு சார்தானே?”ன்னாங்க.

நான் காத்தை இழுத்தேன். ஒண்ணும் வரல. ரெண்டாவது தடவையும் வரல. வார்டுல எல்லாரும் பார்க்கறாங்க. வழக்கம் போல மனசு சொல்லிச்சு: பார்த்தியா, அவ்வளவுதான், முடிஞ்சுது. சொல்லட்டும்னு விட்டேன். மூணாவது தடவை இழுத்தேன்.

“தக்காளி.”

கரகரன்னு, கனமா, தவளை மாதிரி ஒரு குரல். ஆனா குரல். என்னோடது.

அந்தம்மா காதை என் பக்கம் சாய்ச்சாங்க. “தக்காளியா?”ன்னாங்க. அப்புறம் சிரிச்சாங்க. “ஏன் சார் தக்காளி?” மெக்கானிக்கும் சிரிச்சார், சிரிக்கும்போதே இருமினார். சிரிப்பு நின்னதும் அவங்க சொன்னாங்க, “சரி. இப்ப அதையே கோவமா சொல்லுங்க.”

இதுதான் பரீட்சைன்னு எனக்குப் புரிஞ்சுது. அழுகல் பழத்தை அடியில வெச்சு மேல நல்லதா அடுக்கிக் கொண்டு வருவான் பார், அவனை நினைச்சுக்கிட்டேன். “தக்காளி!”

“கோவம். யாரையோ அடிக்கப் போறீங்க”ன்னாங்க. “இப்ப வேற ஏதாவது. நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க.”

சாயங்காலம் ஆயிடும், கடைசி மூட்டை நிக்கும், வாங்க ஆள் இருக்காது. அப்ப ஒரு குரல் வெச்சிருந்தேன் நான். அது மாதிரி இழுத்து, மெதுவா சொன்னேன்.

அவங்க கையை நீட்டி மெக்கானிக் தோளைத் தேடிப் பிடிச்சாங்க. “கெஞ்சறார்”ன்னாங்க. “என்னங்க, கேட்டீங்களா? இவர் கெஞ்சறார். எனக்குத் தெரியுது. குரல்ல எல்லாம் இருக்கு.”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். “வலிக்குமா?”ன்னு கேட்டார். ஆமான்னு தலையாட்டினேன். “பழகிடுமா?” அதுக்கும் ஆட்டினேன். நர்ஸ் காகிதம் கொண்டு வந்தாங்க. அவர் பேனாவைப் பிடிச்சப்போ நான் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். போடணும், இந்த மனுஷன் போட்டுடணும், பிழைச்சுடணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. அப்பத்தான் எனக்கு உறைச்சது. நான் செத்திருந்தா இதை யாரு வந்து சொல்லியிருப்பாங்க? அதைவிட, அன்னைக்கு நீ பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு இப்படித்தானே நின்னிருப்ப.

நீ போட்டது சரி. சிலேட்டுல எழுதினதை இன்னைக்குத் துடைச்சுட்டேன்னு வெச்சுக்கோ.

என் தங்கச்சிக்கு,
அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணா,

உன் கடிதத்தைச் சலவைக் கூடத்தில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இப்போது இங்கே யாராவது யாரையாவது திட்ட வேண்டும் என்றால் ‘தக்காளி’ என்கிறார்கள். கெஞ்ச வேண்டும் என்றாலும் அதேதான்.

படித்து முடித்ததும் மேலாளர் அறைக்குப் போனேன். அந்த வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். பரவாயில்லை என்று திரும்பினேன். கதவு வரைக்கும் வந்தவள் திரும்பிப் போய், புதுக் கட்டடத்துச் சலவைப் பிரிவுக்கு யார் என்று கேட்டேன். இன்னும் யாரும் இல்லை என்றார். நான் வருகிறேன் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சேருகிறேன். தப்பாக எதையாவது தீர்மானித்தால் திருத்திக்கொள்ளலாம். போர்வைதானே.

மெக்கானிக்குக்கு எப்படி இருக்கிறது?

தங்கை


ஆகஸ்ட் 19

வாயாடிக்கு,

நாலு மாசமா ஒழுங்கா எழுதலைன்னு கோவப்படாதே. நடுவுல போட்ட ரெண்டு கார்டும் கணக்குல சேர்த்துக்கோ. வாரத்துக்கு ரெண்டு நாள் வார்டு, ரெண்டு நாள் பயிற்சி அறை. டீச்சரம்மா என்னைத் தனியா ஒரு நாற்காலி போட்டு உட்கார வெச்சுட்டாங்க. இப்ப முழு வாக்கியம் வருது. நடுநடுவுல நிறுத்தி காத்து இழுக்கணும், அவ்வளவுதான். உங்க அண்ணி சொல்றா, கல்யாணம் ஆனதுலேருந்து இப்பத்தான் நான் அடுத்தவங்க பேச இடைவெளி விடறேனாம்.

மெக்கானிக் கதையைச் சொல்லணும், அதுக்குத்தான் உட்கார்ந்தேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. பேச்சு வர்ற வரைக்கும் அவர் சம்சாரத்தோட உள்ளங்கையில விரலால தட்டித் தட்டிப் பேசினார். அவங்களே வெச்சுக்கிட்ட பாஷை. ஆனா பயிற்சியில எனக்கு மேல மோசம். காத்து நிக்கவே இல்ல. ஜூலை முழுக்க வெறும் கொப்புளிக்கிற சத்தம்தான். விட்டுடறேன்னு ரெண்டு தடவை எழுதிக் காட்டினார். நான் விடல. “நான் நாலு மாசம் வீண் பண்ணினேன், நீங்க ஒரு மாசம்தான் பண்ணியிருக்கீங்க”ன்னேன். அதைச் சொல்லி முடிக்கவே எனக்கு அரை நிமிஷம் ஆச்சு. அவர் பொறுமையா கேட்டார்.

போன வியாழக்கிழமை பயிற்சி அறையில எல்லாரும் இருக்கோம். அவர் திடீர்னு மேஜை மேல இருந்த போனைக் காட்டினார். டீச்சரம்மா நம்பர் போட்டுக் குடுத்தாங்க. ஸ்பீக்கர்ல போட்டோம். அந்தப் பக்கம் அவர் சம்சாரம், வேலைக் குரல்ல, “வணக்கம், யாருக்கு இணைப்பு வேணும்?”ன்னாங்க.

மெக்கானிக் கண்ணை மூடிக்கிட்டார். கழுத்து நரம்பெல்லாம் புடைக்குது. நாங்க ஒருத்தரும் மூச்சு விடல; எங்களுக்கு மூச்சு விட்டா சத்தம் கேக்கும்.

“உனக்குத்தான்”னார்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ற சத்தம். அப்புறம் அந்தம்மா, ரொம்ப மெதுவா, “அழறீங்களா, சிரிக்கிறீங்களா?”ன்னு கேட்டாங்க. அவர் பதில் சொல்றதுக்குள்ள அவங்களே சொன்னாங்க, “ரெண்டும்.” அப்புறம், “வெக்காதீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க.” அவர் சொன்னார். திரும்பச் சொன்னார். அந்த பேங்க்ல ஒரு கால் மணி நேரத்துக்கு வெளியாள் ஒருத்தருக்கும் லைன் கிடைச்சிருக்காது. டீச்சரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாங்க. எங்க கூட்டத்துல எல்லாரும் மேஜையைத் தட்டறோம், நாற்காலியைத் தட்டறோம், மேல் மாடியிலேருந்து ஆள் வந்து என்ன ஆச்சுன்னு பார்த்துட்டுப் போனாங்க.

நான் மாறிட்டேன்னு மட்டும் ஊருக்குச் சொல்லிடாதே. காலையில கண்ணைத் திறந்ததும் இப்பவும் எனக்கு முதல்ல தோணறது, ‘இன்னைக்கு எதுவும் சரியா வராது’ன்னுதான். அது அப்படியே வந்து கட்டில்ல உட்காருது. உட்கார்ந்துட்டுப் போகட்டும். அது செருப்பைத் தேடறதுக்குள்ள நான் பஸ் ஏறிடறேன்.

இன்னைக்கு வார்டுல நான் பார்க்க வேண்டியது புதுசா ஒருத்தங்களை. பொண்ணுங்களுக்குக் கால்பந்து சொல்லிக்குடுக்கிற கோச்சாம். மைதானத்துல அவங்க போடற சத்தத்துக்குப் பேர் போனவங்களாம். நேத்து ஆபரேஷன் பேச்சை எடுத்த டாக்டரையே வெளிய போகச் சொல்லிட்டாங்க, அடுத்து மெக்கானிக் போனார், அவர் மேல தலையணையை வீசியிருக்காங்க. எனக்கு இப்பவே பிடிச்சுப் போச்சு. என்னை வார்டுக்குக் கூட்டிட்டுப் போக மெக்கானிக் வாசல்ல வண்டியோட நின்னு ஹாரன் அடிக்கிறார். மிச்சம் வந்து எழுதறேன்.

அண்ணன்